ஒரு நூல்

கலியமூர்த்தி மேசை கேட்டு வந்தது சித்திரை பதினாறு.
ஐந்தடிக்கு இரண்டரை,
வாகைப் பலகை, சுற்றிலும் இரும்புச் சட்டம்.
நீடாமங்கலம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
இருபத்தெட்டு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறவர்.
மேசைக்கும் எல்லை சொல்லித்தான் அளவு கொடுத்தார்:
வடக்கே சுவர், தெற்கே நாற்காலி,
கிழக்கே பீரோ, மேற்கே வருகிற கட்சிக்காரர்.

சூசைராஜ் மரம். நான் இரும்பு.
பட்டறை வாடகை பாதிப் பாதி,
சண்டையும் அப்படியே.

கஜாவில் விழுந்த வாகை அது.
மூணாற்றுத் தலைப்புப் பக்கம் ஏலத்தில் எடுத்து
அறுத்து, குச்சி கொடுத்து அடுக்கி,
வருஷக்கணக்கில் ஆறப்போட்டிருந்தான்.
இழைத்ததும் நடுவில் காப்பி நிறம் ஓடியது.
சட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"சுற்றிவர ஒரு நூல் விடணும்.
அடைமழையில் இது தண்ணீர் குடிக்கும்."

ஒரு நூல் என்றால்
அங்குலத்தை எட்டாய்ப் பிளந்து அதில் ஒன்று.
கலியமூர்த்தி அதில் நகத்தை விட்டுப் பார்த்தார்.
"இது யார் பேரில் இருக்கிற இடம்?
பட்டாவா, புறம்போக்கா?
எனக்கு முட்ட முட்டக் கொடுங்கள்."

நான் அவர் பக்கம் நின்றேன்.
காசு கொடுக்கிறவர் என்பதால் மட்டும் இல்லை.
சந்து தெரிந்தால் என் மூலைகள் கோணல் என்று
பார்ப்பவன் நினைப்பான்.
அதுதான் உண்மை, இப்போது சொல்வதில் என்ன.

பகலில் மும்முனைக் கரண்ட் மோட்டார்களுக்கு.
எங்களுக்கு வந்தபோது இரவு பத்தரை.
நான்கு மூலையும் ஒரே மூச்சில் பற்றவைத்தேன்.
கசடு தட்டி, தேய்த்து, விரல் ஓட்டினால்
இரும்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது
என்று விரலுக்கே தெரியவில்லை.
மறுநாள் குட்டியானையில் ஏற்றி அனுப்பினோம்.
ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றபோது
பக்கத்து பஸ்ஸிலிருந்து இரண்டு பேர்
விலை கேட்டார்களாம்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை.
பத்தாம் நாள் போன்:
"உங்கள் மேசை வெடித்துவிட்டது."

ஈசான மூலையில் என் பற்று
வாய் பிளந்து கிடந்தது.
பலகை நடுவில் முதுகு தூக்கியிருந்தது,
மசிப்பெட்டி தரையில்.
நிலம் விற்க வந்திருந்த ஒருவர்
சத்தம் கேட்டதும் பேனாவை மூடிவிட்டு
"இன்றைக்கு வேண்டாம்" என்று எழுந்து போனாராம்.
கலியமூர்த்தி அந்த எழுத்துக்கூலியையும்
என் கணக்கில்தான் சேர்த்தார்.

மூன்று மூலையை அறுத்து,
வெடித்ததை ராவி,
சட்டத்தை அகலப்படுத்தி மறுபடி கட்டினேன்.
சூசைராஜ் எர்த் கிளாம்பை எடுத்துக் கொடுத்தான்.
"அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை இல்லை.
சொல்லியிருந்தால் பதிலுக்குச் சொல்ல
நாலு வைத்திருந்தேன்.

பங்குனியில் நாங்கள் இருவரும்
அதே மேசைக்கு மேற்கே உட்கார்ந்தோம்,
பட்டறைக்குக் கூட்டு ஒப்பந்தம் எழுத.
மழையில் விட்ட ஒரு நூல்
வெயிலில் இரண்டரை நூலாகியிருந்தது.
கலியமூர்த்தி அதில் ஸ்கேலைச் செருகி வைத்திருந்தார்,
ரெவின்யூ ஸ்டாம்பு உறையையும்.
"புறம்போக்கில் குடிசை போட்டாச்சு" என்றார்.

நிலம் விற்க வந்தவர் திரும்ப வந்தாரா என்று கேட்டேன்.
உளுந்து விதைத்திருக்கிறாராம்.

"லாபம் எப்படி, சரிபாதியா?"
சூசைராஜ் என்னைப் பார்த்தான்.
நான் தலையாட்டிக்கொண்டே
சந்தின் ஓரமாய் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.
தேய்க்காமல் விட்ட ஒரு பிசிறு
நகத்தில் மாட்டியது.
யாரிடமும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.